ஃபைலை யார் நகர்த்துவது? மென்பொருள் ஏஜெண்டுகளின் பழைய கதை

இப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் "ஏஐ ஏஜெண்ட்" என்ற பேச்சுத்தான். விமான டிக்கெட் எடுத்துத் தரும், மின்னஞ்சலுக்குப் பதில் போடும், அலுவலகத்தில் ஒரு வேலையை ஆரம்பம் முதல் முடிவு வரை தானே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்கிறார்கள். கேட்பதற்கு நேற்றுப் பிறந்த யோசனை மாதிரி இருக்கும். உண்மையில் அதற்கு நம் அப்பா அம்மாவின் வயது. பல இடங்களில் சிதறிக் கிடக்கும் ஒரு வேலையை மென்பொருள் ஏஜெண்டுகளை வைத்து நடத்த முடியுமா என்று 1980களிலும் 90களிலும் பல நாடுகளில் முயன்று பார்த்தார்கள். சில முயற்சிகள் பலித்தன. பெரும்பாலானவை பலிக்கவில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால், இன்று நம்மிடம் விற்கப்படுவதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

முதலில் இரண்டு சொற்கள்.

வொர்க்ஃப்ளோ, தமிழில் பணியோட்டம். ஒரு வேலை ஒரு கையிலிருந்து அடுத்த கைக்குப் போகும் வழி அது. கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்று வையுங்கள். ஒருவர் படிவத்தை வாங்குவார், இன்னொருவர் சரிபார்ப்பார், வேறொருவர் அனுமதிப்பார், கடைசியில் அச்சாகித் தபாலில் வரும். இந்தச் சொல் தெரியாத வீடுகளிலும் பொருள் நன்றாகத் தெரியும். குடிவரவு அலுவலகத்திலிருந்து கடிதம் வருமா என்று காத்திருந்த எந்தத் தமிழ்க் குடும்பமும் "எங்கட ஃபைல் இப்ப எந்த மேசையில நிக்குது?" என்று ஒரு தடவையாவது கேட்டிருக்கும்.

அடுத்தது ஏஜெண்ட். சாதாரண நிரல், நாம் சொன்னதைச் சொன்ன வரிசையில் செய்யும். ஏஜெண்டிடம் வரிசையைச் சொல்வதில்லை, இலக்கைச் சொல்கிறோம். சுற்றிலும் என்ன நடக்கிறது என்று பார்த்து, அடுத்த படியை அதுவே முடிவுசெய்யும். மற்ற ஏஜெண்டுகளோடு பேசும், பேரம் பேசும். தேவைப்பட்டால் "என்னால் முடியாது" என்றும் சொல்லும். கடைசியில் சொன்ன இந்த விஷயத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுக் காவலுக்கு வந்த பையன்

அலுவலக வேலையைக் கணினிக்குள் கொண்டுவந்த முன்னோடிகளில் ஒருவர் கிளாரன்ஸ் எல்லிஸ். நண்பர்களுக்கு ஸ்கிப். 1943இல் சிகாகோவில் பிறந்த கறுப்பின அமெரிக்கர். 15 வயதில் வீட்டுக்கு உதவியாக ஒரு நிறுவனத்தில் இரவு வேலைக்குப் போனார். அங்கே புதிதாக ஒரு பெரிய கணினி வந்திருந்தது. அதை யாரும் சேதப்படுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவரும் அதைத் தொடக்கூடாது. அதுதான் வேலை. தொடவில்லை. ஆனால் விடிய விடிய அதன் கையேடுகளைப் படித்தார். ஒருநாள் நிறுவனத்தில் துளை அட்டைகள் தீர்ந்துபோய் அவசரம் வந்தபோது, பயன்படுத்திய அட்டைகளையே திரும்பப் பயன்படுத்தும் வழியைச் சொன்னவர் அந்தப் பையன்தான்.

1969இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியலில் முனைவர் பட்டம் பெற்றார். அந்தத் துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் அவர். 1970களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் கேரி நட் என்பவரோடு சேர்ந்து 'ஆஃபிஸ்டாக்' என்ற அமைப்பில் வேலை செய்தார். காகிதப் படிவங்களுக்குப் பதில் திரையில் படிவங்கள். ஒருவரின் மேசையிலிருந்து அடுத்தவரின் மேசைக்குக் கம்பி வழியே போகும். ஏறக்குறைய அதே காலத்தில், 1977இல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸிஸ்மன் என்ற மாணவர் அலுவலக நடைமுறைகளைக் கணினி தானாக நடத்துவது பற்றி முனைவர் ஆய்வேட்டை எழுதினார். பணியோட்ட அமைப்புகளின் வரலாற்றை இந்த இருவரிடமிருந்துதான் வழக்கமாகத் தொடங்குவார்கள்.

யோசனை எளிது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரைபடம் போடு. இது முடிந்தால் அது, அது முடிந்தால் அடுத்தது. வரைபடத்தைக் கணினியிடம் கொடு. மனிதர் மறந்தாலும் கணினி மறக்காது.

வரைபடத்தில் இல்லாத வேலை

அதே ஆய்வகத்தில் லூசி சக்மன் என்ற மானிடவியலாளரும் இருந்தார். தொலைதூரக் கிராமத்துக்குப் போய் மக்களைப் பார்ப்பதற்குப் பதிலாக, அவர் அலுவலகத்துக்குள் போய் ஊழியர்களைப் பார்த்தார். கணக்குப் பிரிவில் கெடு தாண்டிய ஒரு பில்லை ஊழியர்கள் எப்படித் தீர்க்கிறார்கள் என்று கவனித்து, 1983இல் ஒரு கட்டுரை எழுதினார்.

காகிதங்கள் முழுமையாக இல்லை. எது வந்தது, எதற்குப் பணம் கட்டியாயிற்று என்பது தெளிவாக இல்லை. ஊழியர்கள் அங்கும் இங்கும் கிடைத்த துண்டுகளைச் சேர்த்து, என்ன நடந்திருக்கும் என்று யோசித்து, பேசி, கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அதன் பிறகுதான் கோப்பு விதிமுறைப்படி ஒழுங்காக இருந்தது. அதாவது, விதிமுறை அந்த வேலையை நடத்தவில்லை. அவர்கள் மூளையைப் பாவித்துச் செய்த வேலையின் முடிவில்தான் விதிமுறைப்படியான ஒரு கோப்பு உருவானது.

ஒரு வேலையின் முக்கியமான பகுதி வரைபடத்தில் வராது, அதைச் செய்கிறவரின் கையில் இருக்கிறது. அப்படியானால், மேலே உட்கார்ந்து எல்லாவற்றையும் நகர்த்தும் ஒரு கணினியால் அது எப்படி முடியும்? இதற்குப் பின் வந்த எல்லாரும் ஏதோ ஒரு வகையில் இந்தக் கேள்வியோடுதான் மல்லுக்கட்டினார்கள்.

ஏலம் கேட்ட கணினிகள்

ஒரு விடை கனடாவிலிருந்து வந்தது. நோவா ஸ்கோஷியாவில் டார்ட்மத் என்ற ஊரில் உள்ள பாதுகாப்பு ஆய்வு நிலையத்தில் இருந்த ரீட் ஸ்மித், 1980இல் 'கான்ட்ராக்ட் நெட்' என்ற முறையை வெளியிட்டார். வீடு கட்டும் கொந்தராத்து நடக்கும் விதத்தைக் கணினிகளுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்லலாம்.

ஒரு கணினியிடம் வேலை இருக்கிறது. "இந்த வேலைக்கு யார் தயார்?" என்று அது மற்றக் கணினிகளுக்கு அறிவிக்கும். ஒவ்வொன்றும் தன் நிலைமையைத் தானே பார்க்கும். எனக்கு நேரம் இருக்கிறதா? என்னிடம் அதற்கான கருவி இருக்கிறதா? முடியுமானால் விலை கேட்பதுபோல ஒரு பதில் அனுப்பும். அறிவித்த கணினி பொருத்தமானதைத் தேர்ந்தெடுத்து வேலையை ஒப்படைக்கும். வாங்கிய கணினி அதைப் பகுதி பகுதியாகப் பிரித்து, தானும் மற்றவற்றிடம் கொடுக்கலாம். எல்லாவற்றையும் அறிந்த தலைமைக் கணினி தேவையில்லை. தன் நிலைமையைத் தானே அறிந்த பல கணினிகள் போதும்.

இது காகிதத்தோடு நின்றுவிடவில்லை. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்ன் நகரில் இருக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் டிரக் தொழிற்சாலையில் ஒரு தலைவலி இருந்தது. டிரக்குகள் பல நிறங்களில் வரிசையாக வரும். பெயின்ட் அடிக்கும் அறைகள் பல. ஓர் அறையில் நிறத்தை மாற்றும் ஒவ்வொரு முறையும் பழைய பெயின்டைக் கழுவிக் கொட்ட வேண்டும். காலையில் போட்ட அட்டவணை, ஓர் அறை பழுதானால் குலைந்துவிடும். டிக் மோர்லி என்ற பொறியாளர் அட்டவணையைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஒவ்வொரு அறையையும் ஏலம் கேட்கச் சொன்னார். ஏற்கெனவே வெள்ளை அடித்துக்கொண்டிருக்கும் அறை வெள்ளை டிரக்குக்கு உயர்ந்த விலை கேட்கும். வரிசை நிரம்பிய அறை கேட்காது. பழுதான அறை பேசாமலே இருக்கும். நிறம் மாற்றுவது குறைந்தது, பெயின்ட் மிச்சமானது.

சிறையிலிருந்து வந்த அமைச்சர்

ஏலம் கேட்க ஒரு மொழி வேண்டும். "கேட்கிறேன்", "தருகிறேன்", "மறுக்கிறேன்" என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்த மொழிக்கான யோசனையை அலுவலக மென்பொருளுக்குள் கொண்டுவந்தவரின் கதை நமக்கு அந்நியமானது அல்ல.

ஃபெர்னாண்டோ ஃப்ளோரஸ், சிலி நாட்டில் அதிபர் அயெந்தேயின் அரசில் இளம் அமைச்சராக இருந்தவர். நாடெங்கும் இருந்த தொழிற்சாலைகளை டெலக்ஸ் இயந்திரங்களால் இணைக்க முயன்ற 'சைபர்சின்' திட்டத்துக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர். 1973இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஃப்ளோரஸ் 3 ஆண்டுகள் சிறையில் இருந்தார். 1976இல் விடுதலையாகிக் கலிபோர்னியாவுக்குப் போனார். அங்கே திரும்பவும் மாணவராகி முனைவர் பட்டம் எடுத்தார்.

அலுவலகம் என்பது தகவல் ஓடும் குழாய் அல்ல, மனிதர்கள் ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்குகளின் வலை என்றார் ஃப்ளோரஸ். 1980களில் அவர் டெரி வினோகிராடோடு சேர்ந்து உருவாக்கிய 'கோஆர்டினேட்டர்' மென்பொருளில் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு முத்திரை இருக்கும். இது வேண்டுகோளா, வாக்குறுதியா, மறுப்பா? மனிதர்களுக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. தோழரிடம் ஓர் உதவி கேட்கக்கூட வகை குறிக்க வேண்டுமென்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? வாக்குகளைக் கண்காணிப்பது ஆட்களை அடக்கும் வழியாகவும் மாறலாம் என்று சக்மனே பின்னர் எழுதினார். ஆனால் கணினிகளுக்குக் கூச்சம் கிடையாது. பேச்சையே செயலாகப் பார்க்கும் அதே தத்துவ வேரிலிருந்துதான் 1990களில் ஏஜெண்டுகள் பேசும் மொழிகளும் வந்தன.

நடுவில் ஒரு எஞ்சின்

இதற்கிடையில் சந்தை வேறு வழியில் போனது. 1993இல் பணியோட்ட மென்பொருள் செய்வோர் சேர்ந்து ஒரு கூட்டமைப்பை உருவாக்கினார்கள். 1995இல் ஒரு பொது மாதிரியை வெளியிட்டார்கள். அதன் நடுவில் 'எஞ்சின்' இருக்கும். எந்த ஃபைல் எந்தப் படியில் நிற்கிறது என்று அதற்குத்தான் தெரியும். ஐபிஎம் நிறுவனத்தின் 'ஃப்ளோமார்க்' அப்படிப்பட்ட ஒன்று. வசதிதான். ஆனால் நடுவில் இருப்பது விழுந்தால் எல்லாம் நிற்கும்.

இங்கே ஒரு தமிழ்நாட்டுக்காரர் வருகிறார். தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்கா போன சி. மோகன். கணினி பாதியில் நின்றாலும் தரவு கெடாமல் மீட்கும் 'ஏரிஸ்' முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். ஐபிஎம்மின் அல்மடென் ஆய்வகத்தில் அவரும் குஸ்தாவோ அலோன்சோ முதலானவர்களும் 1990களின் நடுவில் 'எக்சாடிகா' என்ற திட்டத்தை நடத்தினார்கள். அவர்கள் நடு எஞ்சினை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். வரைபடத்தைத் துண்டுகளாக்கி, எந்த இடத்தில் எந்தப் படி நடக்குமோ அந்த இடத்துக் கணினியிடம் அந்தத் துண்டைக் கொடுத்தார்கள். ஒரு படி முடிந்தால் அடுத்த இடத்துக்கு ஒரு செய்தி போகும். அந்தச் செய்தி வட்டில் எழுதப்பட்டிருக்கும், மின்சாரம் போனாலும் தொலையாது. ஓரிடம் தூங்கினாலும் மற்ற இடங்கள் வேலை செய்யும். தூங்கியது எழும்பியதும் தன் தபாலைப் பார்த்துத் தொடரும்.

இவை இன்னும் ஏஜெண்டுகள் அல்ல. யாரும் பேரம் பேசவில்லை, யாரும் "முடியாது" என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு பணியோட்டம் தலைமை இல்லாமலும் ஒழுங்காக நடக்கலாம் என்று அது காட்டியது.

நடந்து போகும் படிவம்

ஏஜெண்டுகள் 1990களின் நடுவில் இரண்டு வழிகளில் உள்ளே வந்தன.

முதல் வழியில், படிவமே ஏஜெண்ட். ஜெனரல் மேஜிக் என்ற கலிபோர்னிய நிறுவனத்தின் 'டெலிஸ்கிரிப்ட்' மொழியில் எழுதிய நிரல், "போ" என்று கட்டளையிட்டால் தன் தரவையும் சுமந்துகொண்டு இன்னொரு கணினிக்குப் போய் அங்கே தொடர்ந்து ஓடும். 1996இல் நியூ ஹாம்ப்ஷயரின் டார்ட்மத் கல்லூரியில் (பெயர் ஒன்றுதான், முன்பு சொன்ன கனடா ஊர் அல்ல) 'டார்ட்ஃப்ளோ' என்ற பணியோட்ட அமைப்பைச் செய்தார்கள். மனிதர் இணைய உலாவியில் படிவத்தை நிரப்புவார். அதற்குப் பின்னால் ஓர் ஏஜெண்ட் அந்த வேலையைத் தூக்கிக்கொண்டு அடுத்தடுத்த இடங்களுக்குப் போகும்.

இரண்டாம் வழியில், ஒவ்வொரு துறைக்கும் ஓர் ஏஜெண்ட். இதற்குச் சிறந்த உதாரணம் பிரிட்டனின் 'அடெப்ட்' ஆய்வுத் திட்டம். லண்டனில் நிக் ஜென்னிங்ஸ் குழுவும் பிரிட்டிஷ் டெலிகாம் ஆய்வாளர்களும் சேர்ந்து, உண்மையான ஒரு வேலையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு வாடிக்கையாளர் தனக்கு ஒரு தொலைத்தொடர்பு வலையமைப்பு வேண்டும் என்கிறார், அதற்கு விலைப்புள்ளி கொடுக்க வேண்டும். கேட்க ஒரு படிதான். ஆனால் வாடிக்கையாளர் சேவை, வடிவமைப்பு, இடத்தைப் பார்க்கும் சர்வேயர்கள், சட்டப் பிரிவு, வாடிக்கையாளர் நம்பிக்கையானவரா என்று சோதிக்கும் வெளி நிறுவனங்கள் என்று பல கைகள் அதில் உண்டு.

அடெப்டில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் ஏஜெண்ட் இருந்தது. வாடிக்கையாளர் சேவை ஏஜெண்ட் வடிவமைப்பு ஏஜெண்டுக்குக் கட்டளையிட முடியாது, கேட்கத்தான் முடியும். எப்போது தொடங்குவாய்? எவ்வளவு நேரம் எடுக்கும்? என்ன விலை? பிந்தினால் என்ன தண்டம்? இரண்டும் மாறி மாறிப் பேசி உடன்பாட்டுக்கு வந்தால் வேலை நகரும். இல்லாவிட்டால் வேறு வழி தேட வேண்டும். சோதிக்கும் நிறுவனங்களின் ஏஜெண்டுகள் ஒன்றோடொன்று போட்டி போடும். சர்வேயர்கள் நிரம்பிய வேலையில் இருந்தால் அவர்களின் ஏஜெண்ட் "இப்போது முடியாது" என்று சொல்லலாம்.

அந்த "முடியாது" ஒரு சின்ன விஷயம் இல்லை. தன் துறையில் என்ன நடக்கிறது என்று அந்தத் துறைக்குத்தான் தெரியும் என்பதை ஓர் அமைப்பே ஒத்துக்கொள்கிறது. சக்மன் கணக்குப் பிரிவில் பார்த்த உண்மைக்கு மென்பொருளில் ஓர் இடம் கிடைத்தது என்று நான் அதை வாசிக்கிறேன்.

ஏன் வெல்லவில்லை?

1996இல் ஏஜெண்டுகளுக்கான சர்வதேச தர அமைப்பான ஃபிபா உருவானது. கான்ட்ராக்ட் நெட் அதன் தரங்களில் ஒன்றானது. இத்தாலியின் டெலிகாம் நிறுவனத்திலிருந்து 'ஜேட்' என்ற கருவிப்பெட்டி இலவசமாக வந்தது. எல்லாம் தயார்போல இருந்தது. ஆனால் நிறுவனங்கள் பெரும்பாலும் வரவில்லை.

முதல் காரணம் பயம். பயணம் போகும் ஏஜெண்ட் என்றால், யாரோ எழுதிய நிரல் உங்கள் கணினிக்குள் வந்து ஓடப்போகிறது. வைரஸ் வருவதும் அப்படித்தானே? அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் டெலிஸ்கிரிப்டை வைத்து 1994இல் தொடங்கிய சேவை 1996இல் மூடப்பட்டது. அதற்கு வேறு காரணமும் உண்டு. அதே ஆண்டுகளில் வலைத்தளம் எல்லாரிடமும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

இரண்டாவது காரணம் பொறுப்பு. பேரம் பேசும் அமைப்பில் ஒரு வேலை எந்த வழியில் போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கணக்காய்வாளர் வந்து "இந்த ஃபைல் ஏன் இந்த வழியில் போனது?" என்று கேட்டால் யார் பதில் சொல்வது? மேலாளர்கள் புத்திசாலியான அமைப்பைவிட விளக்கக்கூடிய அமைப்பையே விரும்பினார்கள்.

அதனால் 2002இல் ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், பீஇஏ நிறுவனங்கள் சேர்ந்து 'பிபெல்' என்ற மொழியை அறிவித்தபோது, நடு எஞ்சின் திரும்பி வந்தது. வரைபடம் ஒருவரிடம், மற்றவர்கள் கூப்பிட்டால் வர வேண்டும். எல்லிஸ் காலத்து யோசனை வலைத்தள உடுப்பில் வந்தது மாதிரி.

எல்லிஸோ தன் பழைய யோசனையிலேயே நின்றுவிடவில்லை. 1989இல், பலர் ஒரே ஆவணத்தை ஒரே நேரத்தில் திருத்தினாலும் குழம்பாமல் இருக்கும் முறையைச் சைமன் கிப்ஸோடு சேர்ந்து வெளியிட்டார். நீங்கள் கூகிள் டாக்ஸில் நண்பரோடு சேர்ந்து வீட்டுப்பாடம் எழுதும்போது, அந்த யோசனையின் வழிவந்த ஒன்றைத்தான் பாவிக்கிறீர்கள். 1995இல், ஓடிக்கொண்டிருக்கும் பணியோட்டத்தை நடுவழியில் மாற்றுவது எப்படி என்று மற்றவர்களோடு சேர்ந்து எழுதினார். 2014இல் காலமானார்.

இப்போது நம் முறை

இன்றைய ஏஜெண்டுகள் பெரிய மொழி மாதிரிகளால் இயங்குகின்றன. அடெப்ட் ஏஜெண்டுகளுக்கு நேரம், விலை, தண்டம் என்ற சில விஷயங்கள்தான் புரியும். இவற்றுக்கு ஒரு கடிதத்தைக் கொடுத்தால் வாசிக்கும். 2025இல் கூகிள், ஒரு நிறுவனத்தின் ஏஜெண்ட் இன்னொரு நிறுவனத்தின் ஏஜெண்டோடு பேசுவதற்கான பொது விதிகளை அறிவித்தது. ஒவ்வொரு ஏஜெண்டும் தன்னால் என்ன முடியும் என்று ஓர் அட்டையில் எழுதி வைக்கும், மற்றவை அதைப் பார்த்து வேலை கொடுக்கும். ரீட் ஸ்மித்தின் 1980ஆம் ஆண்டுக் கட்டுரையை வாசித்தவருக்கு இதில் பாதி பழக்கப்பட்டதாக இருக்கும்.

திறமை கூடிவிட்டது. ஆனால் பழைய இரண்டு கேள்விகளும் அப்படியே இருக்கின்றன. அடுத்த படியை யார் முடிவுசெய்கிறார்? அது பிழையானால் யாரிடம் போய்க் கேட்பது? வீட்டு வாடகை விண்ணப்பம், வங்கிக் கடன், விசா என்று நம் ஃபைல்கள் இனி ஏஜெண்டுகளின் கைகளில் போகலாம். முன்பெல்லாம் படிவத்தில் பெயர் பெட்டிக்குள் அடங்காவிட்டால், குடும்பப் பெயர் எது, தகப்பன் பெயர் எது என்று குழம்பினால், கவுண்டரில் இருந்த ஒருவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்பார். தமிழ்ப் பெயர் உள்ளவர்களுக்கு அந்த நிமிர்ந்து பார்த்தலின் அருமை தெரியும். அதுவும் எந்த வரைபடத்திலும் எழுதப்படாத ஒரு படிதான்.

உங்களில் சிலர் இந்த அமைப்புகளை எழுதப் போகிறீர்கள். மற்றவர்கள் அவற்றோடு வேலை செய்யப் போகிறீர்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. இன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடமோ அப்பாவிடமோ கேட்டுப் பாருங்கள்: "உங்கட வேலையில, எந்த விதிப் புத்தகத்திலயும் இல்லாம நீங்களா செய்யிற வேலை என்ன?" மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்பவராக இருக்கலாம், கணக்காளராக இருக்கலாம், பேருந்து ஓட்டுபவராக இருக்கலாம். விடை இல்லாமல் இருக்காது. அந்த விடைகளைக் கீழே எழுதி அனுப்புங்கள்.